எங்கே நிற்பது என்று எனக்குத் தெரியும்

இனிமேல் என் ஞாயிற்றுக்கிழமைக் காலையை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்தபோது குளியலறையில் இருந்தேன். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. பெரிய முடிவுகளை எல்லாம் நான் அங்கேதான் எடுப்பது. என்ன, தலை துவட்டுவதற்குள் அவை மாறிவிடும்.

இந்தத் தடவை மாறாது. காரணத்தைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள், வருகிறவர்களை ஒற்றைக் கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டே என் தொண்டை வறண்டுவிடும். வீட்டுக்கு வந்தால் கேள்வி கேட்பது என் மனைவி. அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, அடுத்தவர் ஓட்டும் வண்டியை நிறுத்துவது அவள் தொழில். வீட்டில் அந்தப் பிரேக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருக்கிறது.

ஞாயிறு காலை மட்டும்தான் எனக்கு. எதிர்வீட்டுப் பல் டாக்டரோடு கோல்ஃப் ஆடப் போவேன். அங்கே நான் யாருக்கும் புருஷன் இல்லை, கடைக்காரன் இல்லை. பந்து ஒன்றுதான் நான் சொன்னதைக் கேட்காது. மற்றபடி சொர்க்கம். வெளிப்படையாகச் சொல்கிறேனே, அந்த ஒரு காலை இல்லாவிட்டால் மீதி ஆறு நாளை என்னால் தாங்க முடியாது.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஒரு பெட்டியோடும் ஒரு குடையோடும் வந்து, ஜன்னலோரம் இருந்த என் நாற்காலியில் உட்கார்ந்தது. என் மாமனார்.

அவர் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த அன்றே கடைக்குக் கூட்டிப்போய் அவர் கண்ணைச் சோதித்தேன். தூரப் பார்வை அபாரம். "மாமா, அந்தக் கோடியில கொடி அசைஞ்சாலும் என்ன நிறம்னு சொல்லிடுவீங்க" என்று நானே வாய்விட்டுப் பாராட்டினேன். இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. கிட்டப் பார்வைதான் மோசம். நல்ல கண்ணாடி ஒன்று செய்து கொடுத்தேன். மறுநாளே கழற்றி வைத்துவிட்டார்.

"மாப்பிள்ளை போட்டுக் குடுத்த கண்ணாடியில எழுத்தெல்லாம் நீச்சல் அடிக்குது."

ஆகவே பேப்பரை யாராவது அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஞாயிறு பேப்பர் தலையணை கனம் இருக்கும். அதில் வாடகைக்கு வீடு விளம்பரம் வரை அவர் கேட்பார். இரண்டு முறை கேட்பார்.

"ஏங்க, அடுத்த வாரத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை காலையில நீங்க வீட்ல இருக்கணும்" என்றாள் மனைவி.

"எதுக்கு?"

"அப்பாவுக்குப் பேப்பர் படிக்க."

"நீ படிக்கலாமே?"

"எனக்கு வேலை இருக்கு."

"ஞாயித்துக்கிழமை என்ன வேலை?"

"இருக்கு."

இதற்குப் பிறகுதான் நான் குளியலறைக்குப் போனேன். வெளியே வரும்போது என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. புத்திசாலித்தனமான திட்டம். அதுதான் அதில் இருந்த கோளாறு.

"சண்டை எதுக்கு? விளையாடிப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்" என்றேன்.

"என்ன, கேரமா?"

"கோல்ஃப். ஒரே ஒரு குழி. கம்மி அடியில பந்தை உள்ள போடறவங்க ஜெயிச்சாங்க. நீயும் நானும்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னுகூடத் தெரியாதே."

"நான் சொல்லித் தர மாட்டேனா?" என் குரலில் தேன் சொட்டியது.

"நான் ஜெயிச்சா?"

"ஞாயித்துக்கிழமை உனக்கு. ஜென்மத்துக்கும்."

"நீங்க ஜெயிச்சா?"

"எனக்கு. உங்கப்பாவுக்கு நீயே படி."

"சமமா வந்தா?"

"இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும். அதாவது எனக்கு."

"சரி."

அத்தனை சீக்கிரம் அவள் சரி சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷத்தில் அதற்கு நேரமில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டு மேஜையிலேயே பாடம் ஆரம்பமானது. உப்புக் குப்பியை ஒரு பக்கமும் மிளகுக் குப்பியை ஒரு பக்கமும் வைத்தேன்.

"இதுதான் டீ பாக்ஸ். முதல் அடி இங்கேர்ந்துதான். இந்த ரெண்டும் அடையாளக் கட்டைங்க. பந்து இதுக்கு நடுவுல எங்க வேணா இருக்கலாம். பின்னால போகணும்னா ரெண்டு மட்டை நீளம் போகலாம். முன்னால மட்டும் ஒரு இஞ்ச்கூடக் கூடாது."

"நாம எங்க நிக்கணும்?"

கேட்டாளே ஒரு கேள்வி! கோல்ஃபில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அடிக்கத்தான் வராது. எங்கே நிற்பது என்பதில் நான் கரை கண்டவன்.

"எல்லாரும் நட்ட நடுவுல நிப்பாங்க. முட்டாளுங்க. என் பந்து எப்பவும் வலது பக்கமா வளைஞ்சு ஓடும். அதனால வலது ஓரமா வெச்சு இடது பக்கம் பாத்து அடிக்கணும். அப்ப மைதானம் முழுக்க நமக்கு. குட்டை வலது பக்கம் இருந்தாலும் இதே கதைதான். ஆபத்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே ஒட்டி நின்னு, எதிர்ப் பக்கம் பாத்து அடிக்கணும்."

"பெரிய லாரி இடது பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி வலது பக்கமா ஒதுங்கி வருமே, அந்த மாதிரியா?"

"லாரிக்கும் கோல்ஃபுக்கும் என்னம்மா சம்பந்தம்? சரி, ஏதோ உனக்குப் புரிஞ்ச மாதிரி வெச்சுக்கோ."

"ஓரத்துல கால் வைக்க இடம் இல்லேன்னா?"

"பந்து உள்ள இருந்தாப் போதும். ஆள் வெளியே நிக்கலாம்."

"நம்ம வீடு மாதிரி."

நான் சிரித்தேன். நல்ல மாணவி கிடைத்தால் வாத்தியாருக்கு நாக்கு நீளும். கேட்காததையும் சொன்னேன். போன மாதம் பல் டாக்டர் எனக்குச் செய்த துரோகத்தைச் சொன்னேன்.

"என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு அடி அடிச்சதில்ல. அந்த ஆள் என்ன பண்ணான் தெரியுமா? பந்து கட்டைக்கு ரெண்டு விரக்கடை முன்னால இருந்துச்சாம். செல்லாது, திரும்ப அடின்னுட்டான்."

"அப்படிச் சொல்லலாமா?"

"ஒத்தைக்கு ஒத்தை ஆடும்போது எதிராளி சொல்லலாம். அடிச்ச உடனே சொல்லணும், அவ்வளவுதான்."

"நீங்க மோசமா அடிச்சிருந்தா?"

"வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பான். அது அவன் இஷ்டம். என் மோசமான அடி என் கணக்குல நின்னிருக்கும்."

அவள் உப்புக் குப்பியைக் கையில் எடுத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "நல்ல விளையாட்டா இருக்கே" என்றாள்.

அந்த வாரம் இரண்டு விஷயங்கள் நடந்தன. லென்ஸ் வாங்கப் போகும் வழியில், கோல்ஃப் மைதானத்தில் கார் நிறுத்தும் இடத்தில் அவளுடைய எல் போர்டு கார் நிற்பதைப் பார்த்தேன். அவளிடமே கேட்டேன். டாக்டர் வீட்டம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னாள். அங்கே இடம் விசாலமாக இருக்கிறதாம். நல்ல யோசனை என்று பாராட்டினேன். அப்புறம் அவள் உள்ளங்கையில் ஒரு கொப்புளம். அது ஸ்டியரிங் பிடித்ததால் வந்ததாம். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவன் நான். களிம்பு தடவிவிட்டேன்.

ஞாயிறு வந்தது. காரை நான்தான் ஓட்டினேன். பின்னால் மாமனார், மடியில் மடக்கு நாற்காலி. சிக்னலில் நிறுத்தினேன்.

"கோட்டைத் தாண்டிட்டீங்க" என்றாள் மனைவி.

"ரெண்டு விரக்கடை."

"தாண்டினா தாண்டினதுதான். கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன், கோட்டுக்குப் பின்னால நிறுத்துங்கன்னு. ஒரு நாளாவது நிறுத்தியிருக்கீங்களா?"

"யாரு பாக்கறா?"

வழக்கமாக இதற்கு ஒரு சொற்பொழிவு வரும். அன்று வரவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டர்தான் நடுவர். எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். நான் தேர்ந்தெடுத்திருந்தது குறைந்த தூரத்தில் இருக்கும் ஒரு குழி. நன்றாக அடித்தால் ஒரே அடியில் கொடிக்குப் பக்கத்தில் போய்விடலாம். வலது பக்கம் முழுக்கக் குட்டை. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. என் பந்துகள் நிறைய அதில் குடியிருக்கின்றன.

மாமனாருக்கு நாற்காலி போட வேண்டும். பின்னால் அழகான மரநிழல் இருந்தது. மனைவி அதை விட்டுவிட்டு, டீ பாக்ஸுக்குப் பக்கவாட்டில், கொளுத்தும் வெயிலில் நாற்காலியை விரித்தாள். ஒரு தரம் விரித்து, பார்த்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி பார்த்தாள்.

"அங்க வெயில் அடிக்குதேம்மா?"

"அப்பாகிட்ட குடை இருக்கு."

எனக்கென்ன வந்தது? அவளுடைய அப்பா.

"லேடீஸ் ஃபர்ஸ்ட்" என்று பெருந்தன்மையாகக் கையைக் காட்டினேன். அவள் பந்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். நடுவில் வைப்பாள் என்று நினைத்தேன். வலது கட்டைக்கு ஒட்டினாற்போல், கோட்டுக்கு நன்றாகப் பின்னால் வைத்தாள். பந்துக்கு இடது பக்கம் நின்றாள். குட்டையை விட்டு விலகி இடது பக்கம் குறிவைத்தாள். மட்டையைப் பிடித்தாள்.

அந்தப் பிடியை உற்றுப் பார்த்தேன். அது முதல் நாள் பிடி இல்லை.

டக். பந்து பெரிய உயரம் போகவில்லை. இடது பக்கமாகத் தாழ்வாகப் பறந்து, இரண்டு முறை குதித்து, கொடியைச் சுற்றியிருந்த மழித்த புல்லுக்குக் கொஞ்சம் முன்னால் சமர்த்தாக நின்றது.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"நீங்கதான். உப்பும் மிளகும்."

டாக்டர் குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டையில் பார்க்க ஒன்றுமே இல்லை.

என் முறை. கை வியர்த்தது. பேன்ட்டில் துடைத்தேன். மறுபடி வியர்த்தது. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பேப்பர், ஒரு குடை. நானும் வலது ஓரத்துக்குப் போனேன். அவள் பந்து வைத்த இடம் சப்பென்று மிதிபட்டிருந்தது. இன்னும் பின்னால் போனால் சரிவு. முன்னால் புல் அழகாக, சமமாக, வாவா என்றது. சிவப்பு ஆணியைக் குத்தினேன். அதன் தலையில் பந்தை உட்கார வைத்தேன். கட்டையைப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. கிட்டத்தட்டச் சரி.

மட்டையைத் தூக்கினேன்.

அடித்தேன். ஐயோ, என்ன அடி! பந்து இடது பக்கமாகக் கிளம்பி, மேலே போய், மெல்ல வலது பக்கம் வளைந்து, குட்டையின் கரையை எட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பி, கொடிக்கு அருகில் விழுந்து, குழிக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. நான் கத்தினேன். குதித்தேன். என்றைக்குமாக ஞாயிறு என்னுடையது.

"ஏங்க" என்றாள் மனைவி. "திரும்ப அடிங்க."

"என்னது?"

"பந்து கட்டைக்கு முன்னால இருந்துச்சு. செல்லாது."

"டாக்டர்! இதெல்லாம் என்ன?"

"நான் பின்னாலேர்ந்து பாத்தேன் சார். எனக்கு உறுதியாத் தெரியல" என்றார் டாக்டர். தெரியவில்லை என்று சொல்லும்போதுகூட அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பாத்தியா? நடுவருக்கே தெரியல. நீயும் பின்னாலதானே நின்னே? பக்கவாட்டுல நேர்கோட்டுல நின்னு பாத்தவங்களுக்குத்தான் அது தெரியும். அப்படி இங்க யாரு..."

வாக்கியம் முடிவதற்குள் என் கண் அந்த மடக்கு நாற்காலிக்குப் போனது. இரண்டு கட்டைகளுக்கும் நேர்கோட்டில், பக்கவாட்டில், வெயிலில், குடைக்குக் கீழே.

"ரெண்டு விரக்கடை முன்னால, மாப்பிள்ளை" என்றார் மாமனார். "சிவப்பு ஆணி. இப்பவும் அங்கதான் குத்திக்கிட்டு நிக்குது."

குனிந்து பார்த்தேன். நின்றது.

"மாமா, உங்களுக்குத்தான் கண்ணு சரியில்லையே!"

"பேப்பர்தான் தெரியாது. இதெல்லாம் நல்லாத் தெரியும். நீங்கதானே பாத்துச் சொன்னீங்க?"

சொன்னேன். என் கடையில், என் நாற்காலியில் உட்கார வைத்து, என் வாயால் சொன்னேன். மனைவி முகத்தில் சிரிப்பில்லை. சிக்னலில் வண்டியைப் பார்க்கிற அதே முகம்.

"நான் மோசமா அடிச்சிருந்தா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். அது என் இஷ்டமாமே? நீங்கதான் சொன்னீங்க."

திரும்ப அடித்தேன். இம்முறை கோட்டுக்கு எட்டிப் பின்னால், சரிவில். பந்து இடது பக்கம் கிளம்பியது. வலது பக்கம் வளைந்தது. வளைந்துகொண்டே இருந்தது. குட்டை அதை வாய்திறந்து வாங்கிக்கொண்டது. அபராதமாக ஓர் அடி சேர்த்து, மறுபடி அங்கிருந்தே அடித்தேன். அது எப்படியோ தப்பிப் பிழைத்துப் அந்த மழித்த புல்லின் ஓரத்தில் போய் நின்றது.

இன்னும் செத்துவிடவில்லை. அவள் இரண்டாவது அடியில் மழித்த புல்லுக்கு வந்தாள். மூன்றாவதில் குழிக்குப் பக்கத்தில் தள்ளினாள். நாலாவதில் அவளுக்கு நிச்சயம் விழும். நான் இப்போது தூரத்திலிருந்து ஒரே தள்ளில் போட்டால் எனக்கும் நாலு, சமம். சமம் என்றால் ஞாயிறு எனக்கு.

மண்டிபோட்டுப் பார்த்தேன். எழுந்து பார்த்தேன். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். மெதுவாகத் தள்ளினேன். பந்து உருண்டது. நேராகப் போனது. குழியின் விளிம்புக்குப் போய், மாமனார் வீட்டு வாசலில் தயங்கும் புது மாப்பிள்ளை மாதிரி, உள்ளே போவதா வேண்டாமா என்று நின்றது. நின்றேவிட்டது.

நான் ஊதினேன். ஊதக் கூடாது என்றார் டாக்டர். மனைவி வந்து தன் பந்தை உள்ளே தட்டினாள். டொக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் என் ஞாயிற்றுக்கிழமை.

அடுத்த ஞாயிறு காலை, முன்னறைக்கு வந்தால் என் கோல்ஃப் பை அவள் தோளில்.

"எங்க கிளம்பிட்டே?"

"சொன்னேனே, ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இருக்குன்னு."

"அது என் மட்டைங்க!"

"பேப்பர் படிக்க மட்டை எதுக்குங்க?"

வாசலில் டாக்டர் வீட்டம்மா காரில் வந்து நின்றாள். இவள் ஏறிக்கொண்டதும் ரிவர்ஸ் எடுத்தாள். எங்கள் குப்பைத் தொட்டி கவிழ்ந்தது. அந்தக் கார் நிறுத்தும் இடத்தில் யாரும் யாருக்கும் ரிவர்ஸ் சொல்லிக் கொடுக்கவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எதிர்வீட்டைப் பார்த்தேன். டாக்டர் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்தேன். மாமனார் என் நாற்காலியில் தயாராக இருந்தார். பேப்பரைப் பிரித்து, ஜன்னலருகே நின்று, முதல் தலைப்பை வாசிக்க வாயைத் திறந்தேன்.

"மாப்பிள்ளை, அங்க நின்னா வெளிச்சத்தை மறைக்குது."

"எங்க மாமா நிக்கட்டும்?"

"வலது ஓரமா நில்லுங்க."